தொழிற்கூடத்தில் சோலார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஜவ்வரிசி ஆலையில் 50 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். 78,000 ரூபாய் மானியம், முதல் வருடமே 80 சதவீதத் தேய்மானம், மிச்ச கரண்ட்டை ஈபிக்கு விற்கலாம் என்கிறார். நம்பலாமா?
– ஆலை உரிமையாளர், ஆத்தூர்

பதில்: முதல் இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. 78,000 ரூபாய் என்பது 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் வீடுகளுக்குத் தருகிற அதிகபட்ச மானியம், ஆலைக்கு ஒரு பைசா கிடையாது. 80 சதவீதத் தேய்மானம், அதாவது போட்ட செலவில் அந்த வருட வரிக் கணக்கில் கழித்துக்கொள்கிற பங்கு, 2017 மார்ச்சோடு முடிந்துவிட்டது, இப்போது 40 தான். அதுவும் நல்ல சலுகைதான். 20 லட்சம் செலவு என்று வைத்துக்கொண்டால் முதல் வருடம் 8 லட்சத்தை லாபத்தில் கழிக்கலாம், 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு 2.4 லட்சம் மிச்சம். ஆனால் கழிக்க லாபம் இருக்க வேண்டும், முழுதாகக் கிடைக்க நிதியாண்டில் 180 நாளாவது பிளான்ட் ஓடியிருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தைத் தாண்டிப் போட்டால் அந்த வருடம் பாதிதான் கிடைக்கும். ஏஜென்ட் இழுத்தடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான், அதனால் முடிக்கும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கொட்டேஷனில் ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய விலையையே நீட்டினால் விடாதீர்கள்.

மூன்றாவதான, மிச்ச கரண்ட்டை விற்கிற விஷயத்தில்தான் உங்கள் தொழிலுக்குச் சிக்கல். நம் ஊரில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், 50-க்கு 200 யூனிட். வெயில் கொளுத்துகிற கோடையில்தான் கிழங்கு வரத்து குறைந்து உங்கள் ஆலை ஓய்ந்திருக்கும், அப்போது உற்பத்தியாவதில் பெரும்பகுதி ஈபிக்குத்தான் போகும். தொழிற்சாலை தருகிற யூனிட்டுக்கு வாங்குகிற யூனிட்டின் விலை கிடைக்காது, அதைவிடக் குறைவு. போதாததற்கு நீங்களே பயன்படுத்துகிற சோலார் யூனிட்டுக்கும் ஈபி லைனோடு இணைந்திருப்பதற்காக நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று வந்தது, தொழில்துறையினர் எதிர்த்த பிறகு சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குப் பாதி குறைப்பதாக 2023-ல் அரசு அறிவித்தது. இந்தக் கணக்கு ஆணைக்கு ஆணை மாறும். ஆகவே சீசன் இல்லாத மாதத்துப் பகல் லோடைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அந்தக் கூட்டலோடு 20 கிலோவாட்தான் வருகிறது என்றால் 20 போதும். வருகிற சலுகையை நம்பி 50 போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், திப்பி (கிழங்குச் சக்கை) காயும் களத்துக்குப் பக்கத்துக் கூரை என்றால் தூசு சீக்கிரம் படியும். உப்பு போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், துணியால் தேய்த்தாலும் லேசில் போகாது. கழுவ நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் சோலாரில் தறி ஓடுமா?

பதில்: ஓடாது. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த சாதாரண ஆன்-கிரிட் சோலாரில் லைன் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். உங்கள் பில் அதற்குள்ளேயோ சற்று மேலேயோ நின்றால் போட்ட பணம் திரும்புவது கஷ்டம். கூடுதல் தறி ஓட்டி ஆயிரத்தை நன்றாகத் தாண்டுகிறவர்கள் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சின்ன ரிசார்ட், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே. பனிமூட்டத்தில் பலன் உண்டா?

பதில்: மூட்டத்திலும் கொஞ்சம் உற்பத்தி உண்டு, உங்களுக்கு மரநிழல்தான் பெரிய பிரச்சினை. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மொத்த வரிசையும் தளர்ந்துவிடும். தங்குகிறவர்கள் கரண்ட் அதிகம் செலவழிப்பதும் ராத்திரியில்தானே. காலை வெந்நீருக்கு கீஸர் இழுக்கிற கரண்ட்தான் உங்கள் பில்லின் பெரும்பங்கு என்றால், திறந்த இடம் பார்த்து சோலார் வாட்டர் ஹீட்டர் முதலில் போடுங்கள், பேனலை அப்புறம் பார்க்கலாம்.