அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு எந்தப் படிப்பு?

மூன்றாவது முறையும் மருத்துவ நுழைவுத் தேர்வு கைகூடவில்லை என்று ஒரு தந்தை மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தார். பேசியதெல்லாம் கூட வந்த பெரியப்பாதான். "கடன் வாங்கியாவது சேர்த்துவிட வேண்டும். நம் குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டாமா?" நானும் வழக்கம்போல் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அதுவரை வாய் திறக்காத பெண் இடையில் கேட்டாள்: "விழுங்கிய கிருமியை வெள்ளையணு செரித்துவிடும் என்று படித்தேன். சால்மொனெல்லா என்ற குடல் கிருமி மட்டும் அதற்குள்ளேயே எப்படிக் குடித்தனம் நடத்துகிறது?"

ஆறுதலை அங்கேயே நிறுத்திவிட்டேன். மருத்துவராகத் துடிக்கும் பிள்ளை பெரும்பாலும் மருந்தைப் பற்றிக் கேட்கும். இவள் கிருமியின் பக்கம் நின்று கேட்கிறாள். இந்த ஆர்வத்துக்கு நேர் வழி இருக்கும்போது, நான்காவது முயற்சிக்கு இன்னோர் ஆண்டையும் கடனையும் கொட்டுவது தவறு என்று தந்தையிடம் சொன்னேன். பல் மருத்துவம், மருந்தியல், செவிலியர் படிப்பெல்லாம் அவர்களே விசாரித்திருப்பார்கள். நான் பேசியது, கிருமி உடலுக்குள் எப்படி நுழைந்து பிழைக்கிறது என்று ஆராயும் நோய்த்தொற்று உயிரியலைப் பற்றி.

சால்மொனெல்லாவிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பார்கள். அதன் வழியாக, செல்லின் வேலையைத் தன் வசதிக்கு மாற்றும் எஃபெக்டர் புரதங்களை நம் குடல் செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றில் சாப்-ஈ என்ற புரதம் செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளை ஆளும் விசையைப் போட்டுவிடும். செல்லின் சவ்வு அலையாகப் பொங்கி, கிருமியைத் தானே உள்ளே வாரிக்கொள்ளும். எஸ்பிடிபி என்ற இன்னொரு புரதம் அதே விசையை அணைத்து, செல்லைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் ஒன்றையொன்று கெடுக்காதா? கெடுக்காது. செல்லின் கழிவகற்றும் இயந்திரமான புரோட்டியசோம் சாப்-ஈயைச் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது. எஸ்பிடிபி நெடுநேரம் தாங்குகிறது. வீட்டுக்காரனின் கடிகாரத்தைப் பார்த்தே திருடன் வேலை செய்கிறான்! வெள்ளையணுவுக்குள் போனபின் இன்னோர் ஊசி, வேறொரு புரதக் கூட்டம்; தன்னைச் சூழ்ந்த பையையே அது வசிப்பிடமாக மாற்றிக்கொள்கிறது.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வகை ஈ. கோலை, தான் பற்றிக்கொள்வதற்கான கொக்கியையே செல்லுக்குள் அனுப்பி, அதன் சவ்வில் பதித்துவிட்டுப் பிறகு அதில் ஒட்டிக்கொள்கிறது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற கிருமியிடம் இப்படி 300-க்கும் மேற்பட்ட எஃபெக்டர்கள். பலவற்றின் வேலை இன்னும் தெரியாது. உங்கள் மகளுக்கு வேலை மிச்சமிருக்கிறது என்றேன்.

"இதையெல்லாம் படித்து என்ன பயன்?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்விதான். பயிர்களைத் தாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா, தாவரத்தின் மரபணுக்களைத் தூண்ட அனுப்பும் எஃபெக்டர்கள் டிஎன்ஏவை எப்படி அடையாளம் காண்கின்றன என்ற குறியீடு 2009-இல் பிடிபட்டது. அதிலிருந்து டாலென் என்ற மரபணுத் திருத்தக் கருவி பிறந்தது. 2015-இல் லண்டனில் ரத்தப் புற்றுநோய் முற்றிய ஒரு குழந்தைக்கு, அந்தக் கருவியால் திருத்திய நோயெதிர்ப்புச் செல்களைச் செலுத்தினார்கள். குழந்தை பிழைத்தது.

கசப்பானதையும் மறைக்கவில்லை. இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ எடுத்து, முதுநிலை, முனைவர் பட்டம் என்று முடிக்க ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. தடுப்பூசி, நோயறிதல், உணவுப் பாதுகாப்புத் துறைகளிலும் இடமுண்டு. ஆனால் சோதனை பத்து முறை பொய்த்தாலும் பதினோராவது முறை செய்யும் பொறுமை வேண்டும்.

பணத்தில் மட்டும் நான் இளக மாட்டேன். முனைவர் ஆய்வை உதவித்தொகையோடுதான் செய்ய வேண்டும். கைக்காசைக் கட்டி அல்ல. கல்லூரியில் சேருமுன் ஆய்வகத்தைப் பாருங்கள். மாணவர்கள் தங்கள் கையால் கிருமி வளர்க்கிறார்களா, கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பளபளக்கும் பெயர்ப்பலகைக்காகக் கூடுதல் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியப்பா மறுபடியும் கடன் பேச்சை எடுத்தார். பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடுவீர்களா என்றேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தந்தை முதன்முறையாக மகள் பக்கம் திரும்பி, "அந்த ஊசி எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டார்.