இல்லினாய் செனட்டில் ஒபாமா அளித்த 130 ‘உள்ளேன்’ வாக்குகள் எதைக் காட்டுகின்றன?

இல்லினாய் மாநிலச் செனட்டராக இருந்த காலத்தில் பராக் ஒபாமா ஏறக்குறைய 130 முறை ஆதரித்தும் வாக்களிக்காமல், எதிர்த்தும் வாக்களிக்காமல் நழுவினார் என்கிறார்களே, சமூக, சட்டப் பிரச்சினைகளில் அவருக்கு உறுதியான நிலைப்பாடு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் அவற்றில் சில மட்டுமே நழுவல்கள். மற்றவற்றை அப்படிச் சொல்ல அம்மாநிலத்தின் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

ஒபாமா 1997 ஜனவரி முதல் 2004 நவம்பர் வரை சிகாகோவின் தென்பகுதியைச் சேர்ந்த 13-ஆம் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் அளித்த வாக்குகள் சுமார் 4,000. மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்பீல்டில் உள்ள அவையில் ஒவ்வோர் உறுப்பினரின் மேசையிலும் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, ‘பிரசென்ட்’ என்பதற்கு மஞ்சள் என மூன்று பொத்தான்கள் உண்டு. இந்த மூன்றாவதைப் பள்ளி வருகைப் பதிவில் நாம் சொன்ன ‘உள்ளேன் ஐயா’ என்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இல்லினாய் அரசமைப்புச் சட்டத்தின்படி, ஒரு மசோதா நிறைவேற வேண்டுமானால் அன்று அவைக்கு வந்தவர்களில் பெரும்பான்மை போதாது. தேர்ந்தெடுக்கப்பட்ட 59 செனட்டர்களில் பெரும்பான்மை, அதாவது 30 பச்சை விளக்குகள் எரிந்தாக வேண்டும். ஆகவே மஞ்சளை அழுத்துவதும் சிவப்பை அழுத்துவதும் மசோதாவின் தலைவிதியைப் பொறுத்தவரை ஒன்றே. நோக்கத்தில் உடன்பாடு இருந்தாலும் வரைவில் குறை காண்பவர்களும், சட்டம் நீதிமன்றத்தில் நிற்காது என்று கருதுபவர்களும் கட்சி வேறுபாடின்றி அங்கே மஞ்சளைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இறுதி வாக்கெடுப்பு பெயர்வாரியாகப் பதிவாக வேண்டும் என்பதும் அதே அரசமைப்புச் சட்டத்தின் கட்டளைதான். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதையும், கொறடா உத்தரவை மீறினால் 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்கீழ் பதவியே போகக்கூடும் என்பதையும் பார்த்துப் பழகிய நமக்கு, ஓர் உறுப்பினரின் ஏறக்குறைய எட்டாண்டு வாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது சற்றுப் பொறாமையைத் தருகிற வேலை.

கருக்கலைப்பு தொடர்பான மஞ்சள் வாக்குகளே அதிகம் பேசப்பட்டவை. கருக்கலைப்பு உரிமைக்காகப் பாடுபடும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பின் இல்லினாய் கிளை, கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மசோதாக்களில் ‘உள்ளேன்’ என்று வாக்களிக்குமாறு நட்பான செனட்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. சிவப்பை அழுத்தினால் அடுத்த தேர்தலில் எதிர்த்தரப்பின் துண்டறிக்கையில் தங்கள் பெயர் வரும் என்று அஞ்சிய உறுப்பினர்கள் தனித்துத் தெரியாமல் இருக்க, தோல்விப் பயமில்லாத பாதுகாப்பான தொகுதிக்காரர்களும் சேர்ந்து மஞ்சளை அழுத்துவது என்பதே ஏற்பாடு. ஒபாமாவின் தொகுதி அவ்வகைப் பாதுகாப்பான தொகுதி. மஞ்சள் அவருக்குத் தேவைப்படவில்லை. இதை அணி வியூகம் என்று சொல்லலாம், கோழைத்தனம் என்று சொல்வது பொருந்தாது.

இதே பிரச்சினையில் அவரைச் சங்கடப்படுத்த வேண்டுமென்றால் மஞ்சளை விட்டுவிட்டுச் சிவப்பைப் பார்க்க வேண்டும். கருக்கலைப்பின்போது உயிருடன் பிறக்கும் சிசுவுக்குச் சட்டப் பாதுகாப்பளிக்கும் மசோதாவுக்கு 2001-இல் ‘உள்ளேன்’ என்றவர், 2002-இல் எதிர்த்து வாக்களித்தார். 2003-இல் அவரே தலைமை தாங்கிய சுகாதாரக் குழுவில், அதற்கு முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு வாசகம், அதாவது பிறப்பதற்கு முந்தைய கருவின் சட்டநிலையை இச்சட்டம் மாற்றாது என்ற வாசகம், மசோதாவில் சேர்க்கப்பட்டது; அதன் பிறகும் அவர் எதிர்த்தார். அந்த வாசகம் இல்லாததால்தான் எதிர்த்தேன் என்று பின்னர் அவர் கொடுத்துவந்த விளக்கத்துக்கும் குழுவின் பதிவேட்டுக்கும் பொருந்தவில்லை என்பதை 2008-இல் அவருடைய பிரசாரக் குழுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நழுவல் என்று நான் கருதுவது 1999-இல் நடந்தது. பள்ளி வளாகத்திலோ அதன் அருகிலோ துப்பாக்கியால் சுட்ட 15 வயது நிரம்பிய சிறாரை வயதுவந்தோர் நீதிமன்றத்தில் விசாரிக்க வகைசெய்த மசோதா அது. ஆதரித்தால் கறுப்பின வாக்காளர்களின் மனக்கசப்பு, எதிர்த்தால் குற்றவாளிகளிடம் மென்மை காட்டுபவர் என்ற பெயர். அவர் மஞ்சளை அழுத்தினார். இதில் எந்த அமைப்பின் வியூகமும் இல்லை.

அதே ஆண்டில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் தங்கள் வழக்கு ஆவணங்களை முத்திரையிட்டு மூடக் கோரலாம் என்ற மசோதா ஆதரவு 58, எதிர்ப்பு பூஜ்யம், ‘உள்ளேன்’ ஒன்று என நிறைவேறியது. அந்த ஒருவர் ஒபாமா. நீதிமன்ற ஆவணங்களை மூடுவது, பேச்சு, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு முரணானது என்பது அவர் தரப்பு சொன்ன காரணம். கூட்டத்தோடு கூட்டமாகப் பச்சையை அழுத்தியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், இதை நழுவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முரண் என்று உறுதியாக நம்பியவர் ஏன் சிவப்பை அழுத்தவில்லை என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

வாக்குப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாத பகுதி ஒன்று உண்டு. இல்லினாயில் 1977-இல் மரண தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்ட பிறகு 12 பேரின் தண்டனை நிறைவேற்றப்பட்டது; தண்டனைக்குக் காத்திருந்த 13 பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆளுநர் ஜார்ஜ் ரயான் 2000 ஜனவரியில் தண்டனைகளை நிறுத்திவைத்தார். வற்புறுத்திப் பெறும் பொய் வாக்குமூலங்களைத் தடுக்க, கொலை வழக்குகளில் காவல் விசாரணையை ஒளி, ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதாவை ஒபாமா கொண்டுவந்தபோது காவல்துறையினரும் அரசு வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். அவர்களோடு பேசிப் பேசி, 2003-இல் செனட்டில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் அதை நிறைவேற்றினார். இவ்விதியைச் சட்டமன்றம் வழியே கொண்டுவந்த முதல் மாநிலம் இல்லினாய். சாலையில் காவலர் நிறுத்தும் ஒவ்வொரு வாகன ஓட்டியின் இனத்தையும் குறித்துவைக்கச் சொல்லும் சட்டமும் அதே ஆண்டில், அவரது கட்சி அவையில் பெரும்பான்மை பெற்றபின், அவர் முயற்சியால் வந்தது. இவையெல்லாம் பட்டியலில் ஒற்றைப் பச்சையாகத்தான் தெரிகின்றன.

பட்டியலை எண்ணி மதிப்பிடுபவர்களுக்கு இன்னொரு தகவல். குறைந்தது ஆறு முறை, தவறான பொத்தானை அழுத்திவிட்டதாக ஒபாமா அவையிலேயே எழுந்து சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் உறுப்பினரின் உண்மையான எண்ணம் அவைக்குறிப்பில் ஏறும், வாக்கு மாறாது. அந்த ஆறும் இன்றுவரை அவர் அழுத்திய நிறத்திலேயே இருக்கின்றன.