உயிலுக்குச் சென்னை வக்கீல் வேண்டுமா?

அப்பாவின் உயிலில் பாபநாசம் பக்கம் ரெண்டு ஏக்கர் நஞ்சையும் கும்பகோணம் வீடும் உங்கள் பேருக்கு இருக்கின்றன, அண்ணன் மறுக்கிறார், புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கச் சென்னை வக்கீல்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். துக்கத்தோடு இந்த அலைச்சலுமா என்று மனசு கஷ்டப்பட்டது.

சென்னைக்குப் போக வேண்டாம். இந்துக் குடும்பம், உயில் எழுதியதும் சொத்து இருப்பதும் தஞ்சை மாவட்டம் என்றால் புரொபேட் கட்டாயமில்லை. ஆனால் அண்ணன் கோர்ட்டுக்குப் போனால் உயிலை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

அதனால் கும்பகோணம் கோர்ட்டில் பாகப்பிரிவினை, உயில் வழக்குகளை நடத்தும் சிவில் வக்கீலாகப் பாருங்கள். ஊர்ப் பத்திர எழுத்தரைக் கேட்டால் ரெண்டு மூணு பேரைச் சொல்வார். உயில், தாய்ப்பத்திரம், வில்லங்கம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் எடுத்துப் போங்கள். "சாட்சி போட்ட ரெண்டு பேரும் இருக்கிறார்களா?" என்று வக்கீல் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் ஃபீஸ் பேசினால் அடுத்தவரைப் பாருங்கள். உயில் பதிவாகியிருந்தாலும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் என்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. கும்பகோணத்தில் பல வீடுகளுக்கு அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். அப்பா அடிமனை வாடகை கட்டிய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள். இருந்தால் அதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.