254 கவுண்டிகள்: கடிதம்

வணக்கம் சார்,

டெக்சஸின் 254 கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) காரிலேயே போய்வரும் ஆசையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது வெறும் அட்டெண்டன்ஸ் போடுகிற வேலைதானே? ஹைவேயில் கடந்து போனாலும் கணக்கில் சேர்ப்பீர்களா?

ஒரு வாசகர், டாலஸ்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டெண்டன்ஸ்தான், அதில் என்ன வெட்கம்? பிடித்த இடத்துக்கு மட்டும் போவதென்றால் நம்மாட்கள் எங்கே போவார்கள் என்று தெரியாதா, பேர்லேண்ட் மீனாட்சி கோயில், சான் அன்டோனியோ, கால்வெஸ்டன் கடற்கரை, லாங் வீக்கெண்ட் வந்தால் பிக் பெண்ட் தேசியப் பூங்கா. பட்டியல் ஒன்று கையில் இருந்தால்தான் யாரும் எட்டிப் பார்க்காத கிங் கவுண்டி பக்கம் காரைத் திருப்பத் தோன்றும்.

கடந்து போவதை நான் சேர்ப்பதில்லை. பரப்பில் ஆகச் சிறியது ராக்வால், உங்கள் ஊரிலிருந்து ஐ-30ல் கிழக்கே போனால் நாலு பாட்டு முடிவதற்குள் வந்து போய்விடும், அதைப் போய்வந்ததாகச் சொல்ல முடியுமா? கவுண்டியின் தலைநகருக்குப் போய், கோர்ட்ஹவுஸை ஒரு சுற்று நடந்து, எதிர்க் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும். நான் வைத்துக்கொண்ட விதி இவ்வளவுதான்.

அந்தச் சுற்றில்தான் சுவாரசியமே இருக்கிறது. வாக்சஹாச்சியில் எல்லிஸ் கவுண்டி கோர்ட்ஹவுஸ், 1897ல் கட்டி முடித்தது. வாசல் தூண்களின் தலையில் சிவப்புக் கல்லில் முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள், சில லட்சணமான பெண் முகங்கள், சில பல்லை இளிக்கும் பேய்கள். சிற்பி ஒருவன் உள்ளூர்ப் பெண்மேல் ஆசைப்பட்டு, அவள் ஏறெடுத்தும் பார்க்காததால் அழகாக ஆரம்பித்த முகத்தைப் போகப்போகக் கோரமாக்கினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆராய்ந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. எனக்கென்னவோ, சாட்சி சொல்ல வருகிறவர் அந்த இளிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டுமே என்றுதான் தோன்றியது.

டெக்சஸின் வடமேற்கு மூலையில் வரைபடமே கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும். புதிதாக உண்டாக்கும் கவுண்டி 900 சதுர மைலுக்குக் குறையக்கூடாது, சதுரமாக இருக்க வேண்டும் என்று 1876 அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பக்கத்துக்கு முப்பது மைல், அடுத்த கோர்ட்ஹவுஸ் பெரும்பாலும் அரை மணி நேரம், ஒரே நாளில் நாலைந்தைத் தாராளமாக முடிக்கலாம். தெற்கே ப்ரூஸ்டர் கவுண்டியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது அது, ஆல்பைனிலிருந்து டெர்லிங்குவாவுக்குச் சுமார் 80 மைல் ஓட்டினாலும் அதே கவுண்டிதான்!

மேற்கே லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். ஆளில்லாத ரோடாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி வரும், ஒதுங்கி நிற்கவும் இடம் கிடைக்காது. டாங்கை முன்னாடியே நிரப்பிக்கொள்ளுங்கள், ஜூலை ஆகஸ்டில் மேற்குப் பக்கமே வேண்டாம்.

சரி, நீங்கள் டாலஸில்தானே இருக்கிறீர்கள், வாக்சஹாச்சி பக்கம்தான். முடிந்தால் வேலை நாளில் லீவு போட்டுப் போங்கள், சனி ஞாயிறில் கோர்ட்ஹவுஸ் உள்ளே பார்க்க முடியாது.