அந்த நோட்டை மூடி வையுங்கள்

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருடம். வீடு மாறும்போது பெட்டிக்குள் கணவரின் நோட்டு ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கம் படித்துவிட்டேன். வீட்டில் நாலு வார்த்தை பேசாதவர், விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும்போது நான் வாளி நிரப்புகிற வளையல் சத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். என் பெயர் எங்குமே இல்லை, ‘அவள்’தான். மீதியையும் படிக்கலாமா? அவரிடம் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மீதியைப் படிக்காதீர்கள் அம்மா. படித்த இரண்டு பக்கத்தை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

‘அவள்’ உங்களை உறுத்த வேண்டாம். நம் அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயரே கிடையாது. பெயர் சுட்டக் கூடாதென்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. வளையல் யாருடையது என்று உங்களுக்குத் தெரிகிறதே, போதாதா?

யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் அந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறார். நீங்கள் திருட்டுத்தனமாகப் படிப்பது தெரிந்தால், அடுத்த பக்கம் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதியதாகத்தான் இருக்கும். அல்லது எழுதுவதையே விட்டுவிடுவார்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்லாட்சர், பென்னபேக்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 86 காதல் ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். ஜோடியில் ஒருவர் மட்டும் மூன்று நாள், தினம் 20 நிமிடம் எழுத வேண்டும். சிலர் தங்கள் உறவைப் பற்றி மனம்விட்டு எழுதினார்கள், மற்றவர்கள் அன்றாட வேலைகளைப் பற்றி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், உறவைப் பற்றி எழுதியவர்களில்தான் அதிகம் பேர் பிரியாமல் இருந்தார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: எழுதி முடித்த அடுத்த சில நாட்களில் அவர்கள் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களில் உணர்ச்சிச் சொற்கள் கூடியிருந்தன, எதுவுமே எழுதாத துணையின் மெசேஜிலும்கூட!

அதனால் நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே, அன்று லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், இல்லையா? அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது, “பெட்டி பிரிக்கும்போது உங்க நோட்டைப் பார்த்தேன், ரெண்டு பக்கம் படிச்சிட்டேன், தப்புதான்” என்று சொல்லி, நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கோபப்பட்டால் படட்டும், எதிர்த்துப் பேச வேண்டாம். அப்புறம் ஒரு நாள், உங்கள் நோட்டில் உங்களுக்கே பிடித்த ஒரு பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.