ஒன்பது கேள்விகளை வைத்து மனச்சோர்வு என்று முடிவு செய்ய முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு மூன்று மாதமாக நெஞ்சு படபடப்பு, நித்திரையும் இல்லை. இ.சி.ஜி. சரி என்றார்கள். கடைசியாகப் பார்த்த வைத்தியர் ஒரு தாளில் இருந்த ஒன்பது கேள்விகளைக் கேட்டு, 14 புள்ளி, மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தார். இதை நம்பலாமா?

பதில்: திருகோணமலை மாவட்டத்தில் முதலில் வெளிநோயாளர் பிரிவிலும் பின்னர் மனநலக் கிளினிக்கிலும் வேலை செய்த வைத்தியன் நான். அந்தத் தாள் நல்ல தாள்தான். ஆனால் அதில் வரும் புள்ளியை நோய்நிர்ணயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் அம்மாவிடம் கேட்கப்பட்டது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாப்படிவமாக இருக்க வேண்டும். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாட்கள் இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை புள்ளியிட்டு, மொத்தம் 27க்குக் கூட்டுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனமாக விசாரிக்க வேண்டும் என்பது வழமை. 2001இல் வெளியான மூல ஆய்வில், இந்த 10 என்ற எல்லை மனச்சோர்வு உள்ளவர்களில் 88 வீதத்தினரைக் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 88 வீதத்தினரைச் சரியாக விலக்கியது. கேட்க நல்ல கணக்குத்தான். ஆனால் கிளினிக்குக்கு வரும் நூறு பேரில் பத்துப் பேருக்கே உண்மையில் மனச்சோர்வு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், படிவம் அவர்களில் ஒன்பது பேரைப் பிடிக்கும், மற்றத் தொண்ணூறு பேரிலும் பதினொரு பேரைச் சேர்த்துப் பிடிக்கும். ஆகவே 10 அல்லது அதற்கு மேல் எடுத்த இருபது பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இல்லை. அவர்களைப் பிரித்தறிவதுதான் வைத்தியரின் வேலை.

அம்மாவின் 14 எங்கிருந்து வந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. நித்திரை, களைப்பு, சாப்பாடு, கவனம் ஆகிய நான்குக்கும் மும்மூன்று புள்ளி, அமைதியின்மைக்கு இரண்டு என்று கூட்டினாலும் 14 வரும். அப்படி வந்த 14 மனச்சோர்வு ஆகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரங்களாக ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று மனம் தாழ்ந்திருப்பதாகவோ எதிலும் விருப்பம் அற்றுப்போனதாகவோ இருந்தே ஆக வேண்டும். அதனால் கடும் வேதனையோ அன்றாட வாழ்க்கைக் குலைவோ ஏற்பட்டிருக்கவும் வேண்டும். இந்த விருப்பம் அற்றுப்போவதை நம் ஊரில் நேரடியாகக் கேட்டால் பதில் வராது. "மனம் சரியில்லையா?" என்றால் "இல்லை டொக்டர், நெஞ்சுதான் அடைக்குது" என்பார்கள். அதனால் நான், முன்பு செய்துவந்து இப்போது விட்டுவிட்டது எது என்று கேட்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர் ஏன் போகவில்லை, முற்றத்துப் பூக்கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று விசாரிக்கும்போது, படிவத்தில் 0 போட்டவர்கள் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்துக்கு அவரவர் வழமை தெரியாது. இரவில் வலைக்குப் போகிறவரிடம் நித்திரையைப் பற்றிக் கேட்டால் அவருடைய தொழில்தான் பதிலாக வரும். கிண்ணியாவிலோ மூதூரிலோ நோன்பு மாதத்தில் சாப்பாட்டையும் நித்திரையையும் கேட்டால் எல்லோருக்கும் புள்ளி ஏறும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாமல் வீட்டில் இருப்பவரின் சோர்வையும் அந்தக் காலத்தோடு வைத்தே பார்க்க வேண்டும். வழமையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதை அருகிலிருந்து கேட்கிற ஒருவரால்தான் அறிய முடியும்.

என்னுடைய தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வயிற்றெரிவு என்று வந்தார். கூட வந்த மச்சாள் எல்லாக் கேள்விகளுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார். 6 புள்ளி. இரைப்பைக்குக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆறு கிழமை கழித்து அவர் தனியாக வந்தபோது அதே கேள்விகளைக் கேட்டேன், 19 புள்ளி. "பிள்ளையளுக்காகத்தான் இருக்கிறன்" என்றார். அதன் பிறகு யாருடன் வந்தாலும் நோயாளியுடன் முதலில் தனியாகச் சில நிமிடங்கள் பேசிவிட்டுத்தான் உறவினரை உள்ளே அழைக்கிறேன். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. இதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள், அது உண்மையல்ல. கேட்கும்போது பலருக்கு ஆறுதல்தான் ஏற்படுகிறது.

படபடப்பு என்பதால் இன்னும் சிலவற்றைப் பார்த்திருக்க வேண்டும். தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தால் படபடப்பு, நடுக்கம், நித்திரையின்மை எல்லாம் ஓயாத பயமும் பதற்றமுமான பதகளிப்பு நோயைப் போலவே வரும். குறைவாக வேலை செய்தால் மனச்சோர்வு போலத் தெரியும். இரத்தச்சோகை, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சல்பியூட்டமோல், நீரிழிவுக் குளிசையால் சீனி இறங்குவது ஆகியவையும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். மனச்சோர்வைக் காட்டித் தரும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இப்படிப்பட்ட காரணங்களை விலக்கவே இரத்தம் எடுக்கிறோம்.

பதகளிப்பும் மனச்சோர்வும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பொதுவான பதகளிப்பு நோய் என்று சொல்ல, அமெரிக்க வரையறையின்படி, பல விடயங்களைப் பற்றிய கட்டுப்படுத்த முடியாத யோசனை ஆறு மாதமாவது இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்று மாதம்தான் என்பதால் அந்தப் பெயரை இப்போது வைக்க முடியாது. திடீரென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் அடங்கும் படபடப்பு என்றால் அது வேறு வகைப் பதகளிப்பு.

குளிசையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அவசரத்தில் அடிக்கடி தவறிப்போகிறது. நித்திரையே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்துடன், காசை வாரியிறைத்துத் திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்தனவா என்பதே அது. இருந்திருந்தால் அது மனம் சில காலம் அளவுக்கு மீறி உயர்ந்தும் சில காலம் தாழ்ந்தும் மாறும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம்; மனச்சோர்வுக் குளிசையை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும்.

ஆகவே அம்மா குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு, மருந்து எழுதிய கிளினிக் கொப்பியையும் அவர் பாவிக்கும் எல்லா மருந்துகளையும் கொண்டுபோங்கள். தைரொயிட்டும் இரத்தச்சோகையும் பார்க்கப்பட்டனவா, விருப்பம் அற்றுப்போவதையும் மனம் தாழ்ந்திருப்பதையும் பற்றிய முதல் இரண்டு கேள்விகளுக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். அவர் வைத்தியருடன் தனியாகப் பேச இடம்விட்டுச் சற்று நேரம் வெளியே இருங்கள். இடையில் சாவைப் பற்றிப் பேசினால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.