கடலோரச் சாலையில் மங்கும் ஹெட்லைட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இராமநாதபுரம் கடலோரத்தில் இரவிலும் விடியலுக்கு முன்பும் இருசக்கர வாகனம் ஓட்டும் வாசகர்கள் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். வெளிச்சம் போதவில்லை என்பதே எல்லோருடைய குறையும். ஆனால் அதற்கான காரணம் வண்டிக்கு வண்டி வேறுபடுவதால் ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்ல இயலாது.

கேள்வி: நான் தேவிபட்டினத்தில் மீன் வியாபாரம் செய்கிறேன். அதிகாலை மூன்று மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்குச் சென்று, ஏலத்தில் மீன் எடுத்துத் திரும்புவது வழக்கம். 2014இல் வாங்கிய 100 சிசி வண்டி. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் ஓரளவு எரிகிறது. வேகத்தைக் குறைத்தால் மங்கிவிடுகிறது. சீமைக்கருவேல மறைவிலிருந்து சாலையில் வந்து படுத்திருக்கும் மாடுகள், அருகில் சென்ற பிறகே தெரிகின்றன. உதிரிபாகக் கடையில் வெள்ளை எல்இடி பல்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா? – ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஆக்சிலேட்டரை விட்டதும் வெளிச்சம் மங்குகிறது என்று தாங்கள் எழுதியிருப்பதிலிருந்தே காரணத்தின் பாதி தெரிந்துவிடுகிறது. தங்கள் வண்டியின் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியவில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட்டோ உண்டாக்கும் ஏ.சி. மின்சாரத்தில் நேரடியாக எரிகிறது. அக்காலத்துச் சிறிய வண்டிகள் பலவற்றில் இந்த அமைப்பே இருந்தது. இதில் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது வெளிச்சம் ஓரளவு குறைவது இயல்புதான். ஆகவே ஊருக்குள்ளும் வேகத்தடைகளிலும் மெதுவாகச் செல்லும்போது மேல் கியரில் இழுத்துக்கொண்டு போகாமல், ஒரு கியர் குறைத்து இன்ஜினைச் சற்று வேகமாகச் சுழல விட்டாலே, செலவில்லாமல் கொஞ்சம் வெளிச்சம் கூடும்.

ஆனால் நல்ல வேகத்தில் செல்லும்போதும் வெளிச்சம் ஓரளவுதான் என்றால், மிச்சக் குற்றம் பெரும்பாலும் உப்பினுடையது. கடற்காற்றில் நிற்கும் வண்டி, அதிலும் ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து உப்புநீர் சொட்டும் வண்டி, வெளியே துருப்பிடிப்பதற்கு முன்பே ஒயர் இணைப்புகளுக்குள் களிம்பு ஏறத் தொடங்கிவிடும். ஒவ்வொரு களிம்பேறிய இணைப்பும் பல்புக்குச் செல்ல வேண்டிய மின்அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகிறது. ஹாலஜன் பல்பின் குணம் ஒன்றை இங்கே அறிந்துகொள்வது அவசியம்: அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் பத்து விழுக்காடு மட்டும் குறைவதில்லை, ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் இழந்தாலே, பல்பு தரவேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது இதன் பொருள். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த புதிய பல்பைப் போட்டாலும் பாதிப் பயனே கிடைக்கும்.

எனவே முதலில் டூமை (பல்பும், ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரும் அடங்கிய ஹெட்லைட் கூட்டை)க் கழற்றச் சொல்லி, பல்பு ஹோல்டர், அதற்குப் பின்னால் ஒயர்களை இணைக்கும் கப்ளர், ஹேண்டிலில் உள்ள டிம் சுவிட்ச், சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் எர்த் ஒயர் ஆகிய நான்கு இடங்களையும் பாருங்கள். இவற்றில் எர்த் ஒயரைத்தான் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். போல்ட்டைக் கழற்றி, ஒயர் முனையையும் அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாஸ்லின் பூசிவிட வேண்டும். கப்ளர் பின்கள் பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்யலாம். ஹோல்டர் கருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிட வேண்டும். புதிய பல்பு போடும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது, ஏனெனில் விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்பின் ஆயுளைக் குறைக்கும்.

டூமின் உட்புறத்தையும் கவனியுங்கள். ரிஃப்ளெக்டர் என்பது பிளாஸ்டிக் அல்லது தகட்டின் மேல் மிக மெல்லியதாகப் படிய வைத்த அலுமினியப் பூச்சு. உப்புக் காற்று உள்ளே புகுந்து அது சாம்பல் பூத்துப்போயிருந்தால் எந்தப் பல்பும் அதற்கு உயிர் கொடுக்காது. துணியால் துடைத்தால் இருக்கும் பூச்சும் உரிந்து வந்துவிடும். முழு டூமையும் மாற்றுவதுதான் வழி. இத்தனை ஆண்டுகள் கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, நிறுவனத்தின் அசல் டூமும் அதற்குரிய வாட் அளவுள்ள நல்ல ஹாலஜன் பல்பும்தான்.

இனி எல்இடி பல்பு. தங்கள் டூமில் அதைப் போட வேண்டாம் என்பதே என் பதில். ரிஃப்ளெக்டரின் வளைவு, ஹாலஜன் இழை எந்த இடத்தில் எந்த அளவில் எரிகிறதோ அதைக் கணக்கில் வைத்தே வரையப்பட்டது. லோ பீம் இழைக்குக் கீழே சிறு கிண்ணம் போன்ற ஒரு தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி மேல்நோக்கித் தெறித்து எதிரே வருபவரின் கண்ணில் படாமல் காப்பது அதுதான். எல்இடி பல்பில் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் வேறாக இருப்பதால், ஒளி குவியாமல் சிதறுகிறது. வண்டிக்கு முன்னால் சில மீட்டர் தூரம் பகல்போல் பளிச்சிடும். கண் அந்தப் பளிச்சிடலுக்குப் பழகிவிடுவதால், அதற்கு அப்பால் படுத்திருக்கும் மாடு முன்னைவிட மோசமாகத் தெரியும். போதாததற்கு, ஏ.சி. மின்சாரத்துக்கென்று வடிவமைக்கப்படாத எல்இடி, மேக்னெட்டோ இணைப்பில் துடித்துத் துடித்து எரிந்து விரைவில் கெட்டும் போகும்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதவாறு முன்விளக்கின் ஒளி தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அபராதத்தை விடவும் எனக்கு முக்கியமாகப்படுவது, எதிரே வருகிறவரும் தங்களைப் போலவே தூக்கம் கலையாத கண்ணோடு பிழைப்புக்குப் போகிறவர் என்பதுதான்.

கேள்வி: என்னிடம் இருப்பது 350 சிசி வண்டி, பேட்டரியில் எரியும் 60/55 வாட் ஹெட்லைட். கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்கு அடிக்கடி இரவில் செல்கிறேன். 100/90 வாட் பல்பும் ரிலேயும் போட்டால் நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். – ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) நல்ல யோசனை, 100/90 வாட் பல்பு தவறான யோசனை. 55 வாட் லோ பீம் ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கிறது. 90 வாட் ஏழரை ஆம்பியர் இழுக்கும். அந்தக் கூடுதல் மின்னோட்டத்தாலும் சூட்டாலும் ஹோல்டர் உருகுவதும், ரிஃப்ளெக்டர் கருகுவதும், பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஏறாமல் போவதும் தொடர்ந்து வரும்.

ரிலே தேவைதானா என்பதை மல்டிமீட்டர் கொண்டு ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். இன்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்லைட் எரியும் நிலையில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்பின் பின்புற முனைகளில் அதேபோல் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் வழியில் எங்கோ மின்அழுத்தம் வீணாகிறது. பேட்டரியில் 13.7, பல்பில் 12.3 என்று வந்தால், முன்னே சொன்ன முப்பது விழுக்காட்டு இழப்பு தங்கள் வண்டியிலும் நடக்கிறது. அப்போதும் முதல் வேலை இணைப்புகளைச் சுத்தம் செய்வதுதான். அதற்குப் பிறகும் வேறுபாடு நீடித்தால் ரிலே பொருத்தலாம்.

ரிலே இருந்தால், பல்புக்கான முழு மின்னோட்டமும் மெல்லிய ஒயர் வழியாகச் சாவி சுவிட்சையும் டிம் சுவிட்சையும் சுற்றி வர வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து நேராகச் செல்லும், பழைய ஒயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயரையும், 87க்குப் பல்புக்குச் செல்லும் ஒயரையும், 86க்குப் பழைய ஹெட்லைட் ஒயரையும், 85க்கு எர்த்தையும் இணைக்க வேண்டும். ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி ரிலே வேண்டும். 15 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகிலேயே போடச் சொல்லுங்கள். பல்புக்கு அருகில் போட்டால், இடையில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் இழுபடாமல் தளர்வாக இருக்கட்டும். மழைநீரும் உப்பும் தேங்காதபடி ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். இவ்வளவும் செய்து தங்கள் 60/55 வாட் பல்புக்கு உரிய அழுத்தம் முழுமையாகக் கிடைத்தால், வேறு பல்பு தேடத் தோன்றாது என்று நம்புகிறேன்.

வாரண்டியில் உள்ள புதிய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்காமல் சர்வீஸ் சென்டரில் காட்டிக்கொள்வதே நல்லது.

கேள்வி: என் வண்டியில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு பாம்பன் பாலத்தில் வரும்போது எதிரே வருபவர்கள் எல்லாரும் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள். எனக்கோ சாலை தெரிவதில்லை. லோ பீமில்தான் ஓட்டுகிறேன். – ஒரு வாசகர், மண்டபம்

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மகிழ்ந்தேன், ஏனெனில் ஒரு ஸ்குரூடிரைவரோடு தீரும் குறை இது, ஆனாலும் பலர் பல்பு மாற்றி மாற்றி ஓய்ந்துபோகிறார்கள்.

பின்பக்கம் சுமை ஏறும்போது பின் ஷாக்அப்சர்பர் அமுங்கி, வண்டியின் மூக்கு நிமிர்கிறது. இரு சக்கர மையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உள்ள வண்டியில், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினாலும், விளக்கின் ஒளி நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் மேலே ஏறிவிடும். ஐம்பது மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டர் உயரம். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் முகத்தில் விழுகிறது. தங்களுக்கு முன்னால் இருட்டாக இருப்பதற்கும் அதுவே காரணம். இருபுறமும் ஒதுங்க இடமில்லாத பாலத்தில், காற்றும் பக்கவாட்டில் தள்ளும்போது, ஒருவர் கண் கூசினால் இருவருக்கும் ஆபத்து.

சரிசெய்ய, சமதளத்தில் ஒரு சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். வழக்கமாக ஏற்றும் பெட்டி ஏறியிருக்க வேண்டும். தாங்களும் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துப் பார்ப்பது பயன்படாது. தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து முதல் ஏழரை சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் உயரம் 80 சென்டிமீட்டர் என்றால், ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தியபோது ஒளி 80 மீட்டர் வரையும், ஏழரை தாழ்த்தியபோது ஏறத்தாழ 53 மீட்டர் வரையும் சாலையில் எட்டும். டூமுக்குக் கீழே அல்லது பக்கத்தில் உள்ள ஸ்குரூவைத் திருப்பி இதை அமைக்கலாம். பெட்டி ஏற்றும் நாட்களில் பின் ஷாக்அப்சர்பரின் அடிவளையத்தையும் ஒன்றிரண்டு படி உயர்த்திவிட்டால் மூக்கு நிமிர்வது குறையும். பெட்டியில்லாத நாளில் ஒளி சற்றுத் தாழ்ந்து விழுந்தால் பாதகமில்லை.

இந்தத் தூரக் கணக்கை வேகத்தோடும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், தடையைக் கண்டு பிரேக் பிடிக்க ஒன்றரை வினாடி எடுத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடுகிறார். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தும் நிற்க இன்னும் 28 மீட்டர் வேண்டும். மொத்தம் 53 மீட்டர், அதாவது ஏழரை சென்டிமீட்டர் தாழ்த்திய லோ பீம் எட்டும் தூரம் முழுவதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இது 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வாரி இறைக்கும் மணல் சாலையில் படிந்திருக்கும் மாதங்களில் பிரேக் பிடித்தாலும் டயர் வழுக்கும் என்பதால், அந்த 28 மீட்டர் எளிதில் இரட்டிப்பாகும். விளக்கைச் செம்மை செய்த பிறகும் லோ பீமில் 40, 45ஐத் தாண்டாதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

கேள்வி: மழையிலும் பனியிலும் மஞ்சள் வெளிச்சமே நன்றாகத் தெரியும் என்கிறார்கள். ஹெட்லைட் கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒட்டலாமா? – ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: வேண்டாம். தாள் ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும், இருப்பதும் குறையும். நீலம் கலந்த வெள்ளையைவிட ஹாலஜனின் இளமஞ்சள் வெளிச்சம் கண்ணுக்குக் கூச்சம் குறைவாகத் தருவது உண்மை, ஆகவே சாதாரண ஹாலஜனே போதும். மழையில் லோ பீமை மட்டும் பயன்படுத்துங்கள். ஹை பீம் போட்டால் மழைத்துளிகளே ஒளிர்ந்து எதிரே திரை கட்டும்.

கேள்வி: எனக்கு வயது அறுபது. இரண்டு ஆண்டுகளாக, எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி தெரிகிறது. என் ஹெட்லைட்டை எப்படிக் கூட்டலாம்? – ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: ஹெட்லைட்டுக்கு முன் கண்ணைக் காட்டுங்கள். எதிர்விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும், கூசிய கண் தெளிய நேரமாவதும் கண்புரையின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். வேறு கண் நோய்களாலும் அவை வரலாம். கண் மருத்துவரிடம் பரிசோதித்து, அவர் சரி என்று சொல்லும் வரை இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையால் பார்வை திரும்பக் கிடைக்கும், அஞ்ச வேண்டாம்.

அதோடு ஹெல்மெட்டின் முன்கண்ணாடியையும் பாருங்கள். கீறல் விழுந்த கண்ணாடியும், அதன் மேல் படிந்த உப்புப் படலமும் எதிர்விளக்கை இதேபோல் சிதறடிக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரலே கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டாக இருந்தால் இரவுக்கென்று நிறமில்லாத கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.